காலையில் மடங்காத விரல்கள்

மகளுக்கு,

மருந்துக் கடைக்காரரிடம் சொல்லச் சொல்ல அவர் இதை எழுதுகிறார். கிழித்துப் போடுவதற்கு முன் பாதியாவது படித்துவிடு.

மூன்று மாதமாகக் காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார்.

"எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?"

"வெயில் ஜன்னலுக்கு வர்ற வரைக்கும்மா."

ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள்.

"இது வயசுத் தேய்மானம் இல்ல பெரியவரே, முடக்குவாதம். உங்க உடம்பே உங்க மூட்டுகளை அரிக்குது. குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. அப்போது உனக்குப் பதினேழு வயது. நம் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை என்னிடம். "விரல் மடங்க மாட்டேங்குதுப்பா, கொஞ்ச நேரம் கழிச்சு முறுக்கலாம்" என்றாய். "மகாராணிக்கு மத்தியானம்தான் கை வேலை செய்யுமோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விடாமல் என் முனையை வெடுக்கென்று முறுக்கினேன். நீ கத்தினாய். மறுநாளும் முறுக்க வைத்தேன். அப்படியே மூன்று வருஷம்.

ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தவன் டாக்டரம்மாவிடம் திரும்பிப் போய், "என் மகளுக்கு இருக்கு" என்றேன்.

"விரல் வளைஞ்சிடுச்சா?"

"நாலு விரல். அவங்க அம்மா செத்த அன்னைக்குப் பார்த்தேன்."

வளைந்தது நிமிராதாம். மிச்சத்தை மருந்தால் காப்பாற்றலாமாம். டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் காலையில் இருப்பார். நீ வரும் நாளை மட்டும் மருந்துக் கடைக்குச் சொல்லி அனுப்பு. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்ட மாட்டேன்.

அப்பா