ஐந்தாவது ஜாடிக்கு ஒரு துணி

இன்று காலை ஆண்டிமடத்து முந்திரி லாரி ஒன்று வேலைக்கு வந்தது. டூல்ஸ் பெட்டியைக் குடைந்தபோது வால்வு தேய்க்கும் பேஸ்ட் டப்பா கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாசம். உடனே மூடிவிட்டேன். போன வாரம் வரை அது எனக்கு வெறும் வாசம்தான், சிஸ்டரம்மா.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நர்ஸான உன்னைக் கூப்பிட்டதையே பிடித்துக்கொண்டு, கேலியாக நானும் வீட்டில் அப்படியே கூப்பிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு வந்தால், டிவியைத் தவிர வீட்டில் பேச ஆளில்லை. அதன் மேல் நீ வைத்த தேன் நிற ஜாடி அப்படியே நிற்கிறது. நீ ஆசையாகச் சேர்த்த கண்ணாடி ஜாடிகளில் மற்ற நான்கும் அலமாரியில் இருக்கின்றன.

முதல் ஜாடி வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பிரெஞ்சுக்காரர் யாரோ காலி செய்த வீட்டுச் சாமான் என்றார் கடைக்காரர். "இத்தாலியில வாயால ஊதிச் செஞ்சதும்மா. அம்பது வருசம் இருக்கும்." நீ அதைக் கவிழ்த்து, அடியைக் கட்டைவிரலால் தடவினாய். பிறகுதான் நிறத்தையே பார்த்தாய். விருத்தாசலம் வழியாக ஜெயங்கொண்டம் வரும்வரை அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாய்.

"இதுக்கும் அரை டிக்கெட் எடுக்கவா?" என்றேன்.

"சும்மா வாங்க, கண்டக்டர் பாக்குறாரு" என்று முழங்கையால் இடித்தாய்.

நமக்குக் குழந்தை இல்லை. பிரசவ வார்டில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி வெட்டிவிட்டு வருவாய். வந்ததும் ஜாடியைச் சன்னல் வெயிலில் வைத்து, கண்ணாடிக்குள் நிற்கும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது. பார்க்கிற உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கலர் டிவி வாங்கிய வருடம், தேன் நிற ஜாடி அதன் மேல் கீறல் போட்டுவிட்டது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நடுவே உடைந்த பல் போல ஒரு சொரசொரப்பு. அடப்பாவி, இந்தக் குறை இருக்கக் கூடாதென்றுதானே ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்க்கிறாள், ஏமாற்றி விற்றுவிட்டானே என்று நினைத்தேன். மெக்கானிக்குக்கு வழுவழுப்புதானே நல்ல வேலை! நீ டியூட்டிக்குப் போன நேரம் பார்த்து, எமரி தாளும் அந்த வால்வு பேஸ்ட்டும் போட்டு மூன்று மணி நேரம் தேய்த்தேன்.

நீ வந்ததும் பெருமையாகக் கையில் கொடுத்தேன். உன் கட்டைவிரல் அடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நீங்களா தேய்ச்சீங்க?"

"பின்னே! மூணு மணி நேரம்."

"கை வலிச்சிருக்குமே, காப்பி போடறேன்" என்று உள்ளே போனாய். அந்த வாரமே உன் பழைய வெள்ளை யூனிஃபார்ம் சேலையை வெட்டி, மற்ற ஜாடிகளின் அடிக்கு வட்ட வட்டமாகத் துணி தைத்து வைத்தாய். அழகுக்கு என்று நினைத்தேன்.

போன வாரம், ஐந்து ஜாடிகளையும் நமக்கு விற்ற அந்தப் பாண்டிச்சேரிக் கடைக்காரர், சேதி தாமதமாகத் தெரிந்து துக்கம் விசாரிக்க வந்தார். போகும்போது, ஜாடிகளை விலைக்குத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டார். நான்கையும் கவிழ்த்துத் தடவித் தலையாட்டினார். ஐந்தாவதில் முகம் மாறியது.

"அய்யய்யோ, அடிய யாருங்க தேய்ச்சது?"

சூட்டோடு ஜாடியின் வாயை வளைக்கும்போது அடியில் ஒரு கம்பியை ஒட்டிப் பிடித்திருப்பார்களாம். வேலை முடிந்ததும் ஒடித்துவிடுவார்களாம். அந்த வடுதான் கையால் செய்ததற்குச் சாட்சியாம். "அம்மா மொதல்ல அதத்தானே தொட்டுப் பாப்பாங்க! இது வேணாங்க, மத்த நாலையும் குடுங்க."

பிள்ளைக்குத் தொப்புள் மாதிரி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் துணிகள் அழகுக்கல்ல. மற்ற ஜாடிகளும் எதையாவது கீறி என் கையில் மாட்டாமல் காப்பாற்றத்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா நீ? சண்டை போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேனே. இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

ஒன்றும் கொடுப்பதற்கில்லை என்று அவரை அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து டீக்கடையில் கிளாஸை வாங்கினாலும் என் கட்டைவிரல் அடிக்குப் போகிறது.

நேற்று உன் பீரோவில் அந்தச் சேலையின் மிச்சம் கிடைத்தது. ஊசியில் நூல் கோக்கவே அரை மணி ஆனது. வட்டமும் கோணலாகத்தான் வந்தது, பார்த்தால் சிரிப்பாய். தேன் நிற ஜாடிக்குத் துணி தேவையில்லை, அது இனி எதையும் கீறாது. இருந்தாலும் அடியில் வைத்துவிட்டேன்.