சாலமோன் வீட்டு மூன்று படிகள்

பார்சிப்பனி,
9 நவம்பர் 1998

அன்பு மகள் வான்மதிக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழிலரசி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர. அது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. சன்னிவேலில் நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஃப்ரீவேயில் பார்த்து ஓட்டுகிறாயா என்றெல்லாம் அப்பா கேட்கச் சொன்னார். அதாவது அவர் சொன்னது ‘விசாரித்ததாக எழுது’ என்ற இரண்டே சொல், விவரம் என்னுடையது. விழுந்ததில் மூக்குக்கண்ணாடியும் உடைந்துவிட்டது, புதியது அடுத்த வாரம்தான் வரும், அதனால் நான் என்ன எழுதுகிறேன் என்று அவரால் சரிபார்க்க முடியாது. இப்படி ஒரு சந்தர்ப்பம் எனக்கு இனிமேல் வாய்க்காது அக்கா, ஆகவே ‘அப்பா சொன்னார்’ என்று இருப்பது அவருடையது, மற்றதெல்லாம் நான்.

கிரீஷைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், அவன் கிறிஸ்தவன் இல்லை என்று நீ ஜூன் மாதம் எழுதியதிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை. போன் அடித்தால் ரிசீவரைச் சூடான தோசைக்கல் மாதிரி அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வரலாமா, வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நீ எழுதிய இரண்டாவது கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தில் என்று பார்த்தேன், வம்ச வரலாறு வருகிற பக்கம், அங்கே யாரும் புரட்ட மாட்டார்கள் என்ற தைரியம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீ காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்பாவோ முதலில் சபைச் செய்தி எழுது என்றார், அதனால் நீ கொஞ்சம் பொறுக்க வேண்டும், நாங்களும் ஐந்து மாதமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சபைச் செய்தி என்னவென்றால், நம் சபையில் இப்போது முப்பத்து நான்கு பேர், கமிட்டி ஒன்பது. ஒன்பதாவது கமிட்டி போன செப்டம்பரில் பிறந்தது. டல்லாஸிலிருந்து வந்த பிரசங்கியார் மூன்று மணி நேரம் எழுப்புதல் கூட்டம் நடத்தினார், முடிவில் ‘எழும்புங்கள்’ என்று அவர் போட்ட சத்தத்தில் தவமணி அங்கிள் நிஜமாகவே எழும்பிவிட்டார், அதுவரை நல்ல தூக்கம். அந்த உற்சாகத்தில் ‘எழுப்புதலும் எட்டுதலும்’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். டிசம்பர் அசனத்துக்குள், அதாவது சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடுகிற நாளுக்குள், குடும்பத்துக்கு ஒரு புது ஆளையாவது எட்டிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ‘புதிய விருந்தினர் சீட்டு’ என்று ஒரு பச்சைத் தாள் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் யார்? நம் அப்பா ஞானசிகாமணிதான். சபைக்குத் தூரமாய்ப் போன தமிழர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் பொறுப்பு. அம்மா அன்றைக்கே கேட்டாள், “ஊர்ல உள்ள ஆத்துமாவையெல்லாம் தேடுதீயளே, பெத்த புள்ளைக்கு ஒரு போன் போடத் தெரியலையா?” அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

தேடுவதற்கு அப்பா கண்டுபிடித்த வழி டெலிபோன் டைரக்டரி. சாமுவேல், தானியேல், யாக்கோபு, சாலமோன் என்று எங்கெல்லாம் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையில் கோடு. பாளையங்கோட்டையில் சாலமோன் என்று ஒருவர் இருந்தால் அவர் நம்ம ஆள், ஒன்று நமக்குச் சித்தப்பா, இல்லாவிட்டால் சித்தப்பாவோடு வழக்கு நடத்துகிறவர். அதே கணக்கு நியூஜெர்சியிலும் செல்லும் என்று நினைத்துவிட்டார். இங்கே அந்தப் பெயர்களுக்கு நமக்கு முன்பே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். “நீ வாயை மூடுட்டி, பேரைப் பார்த்தாலே தெரியாதா எனக்கு?” என்றார். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் ஸ்தோத்திரம் பிரதர் என்றார். எஸ்தர் என்ற அம்மாள் லாங் டிஸ்டன்ஸ் கம்பெனி மாற்றச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எங்களுக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டார். டேவிட் சாமுவேல் என்பவர் பீட்சா கடைக்காரர் போல, எத்தனை வேண்டும் என்று கேட்டார். ஆபிரகாம் சாலமோன் வீட்டில் மட்டும் ஆன்சரிங் மிஷின். அப்பா அதில் தமிழிலேயே ஒரு முழு ஜெபம் செய்தார், மிஷின் பாதியில் ஆமென் சொல்லாமல் நின்றுவிட்டது. பதிலும் வரவில்லை. பதில் வராததால் அவர்தான் ரொம்பத் தூரம் போனவர், இருதயம் கடினப்பட்டுவிட்டது என்று முடிவு செய்து பட்டியலில் முதலிடம் கொடுத்தார்.

போன மாதம் இருபத்து நான்காம் தேதி சனிக்கிழமை காலை அப்பா, தவமணி அங்கிள், கஞ்சிராவோடு சாந்தாமணி ஆன்ட்டி, பாட்டுப் புத்தகம் சுமக்க நான், நாலு பேரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். கதவு திறந்ததும் யார் என்று பார்க்காமல் பாட ஆரம்பிப்பது ஆன்ட்டியின் வழக்கம், பாடிவிட்டால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்பாள். எழுபது வயது வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் நின்றார், தலையில் சின்னதாய் ஒரு வட்டத் தொப்பி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவோ பாடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர். நாலு சரணமும் முடிகிற வரைக்கும் அந்த மனிதர் நின்று கேட்டார் அக்கா, நம் சபையில்கூட அத்தனை பொறுமையாக யாரும் கேட்டதில்லை. பிறகு இங்கிலீஷில், ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் நான் யூதன், இன்று எங்கள் ஓய்வுநாள், உங்களுக்கு யார் வேண்டும் என்றார். அப்பா கண்ணைத் திறந்தார், தொப்பியைப் பார்த்தார், யூதர்கள் வேத வசனச் சுருளை உள்ளே வைத்துக் கதவு நிலையில் பதிக்கிற சின்னக் குப்பியைப் பார்த்தார், மன்னிக்கணும் என்று ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் மூன்று படி இருந்தது. இறங்குவதற்கு மூன்று வேண்டும், அப்பா ஒன்றிலேயே முடித்துக்கொண்டார்.

அந்தத் தாத்தாவும் அவர் மனைவியும் அப்பாவை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து, ஒரு பட்டாணிப் பொட்டலத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கையில் வைத்தார்கள். போனில் ஏதோ அந்நிய பாஷையில் ஒருவர் அழுதது நீங்கள்தானா என்று கேட்டார் தாத்தா. அப்பா ஆமாம் என்றார், வேறு என்ன சொல்வது. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். இரண்டு பெண், இது இளையவள், மூத்தவள் கலிபோர்னியா என்றார் அப்பா. அவளோடு பேசுவதுண்டா என்று அந்த அம்மாள் கேட்டாள். அப்பா கூசாமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓய்வுநாளில், யூதர் வீட்டில், எழுப்புதல் கமிட்டித் தலைவர் பொய் சொல்கிறார். வாயைத் திறக்கப் போனேன், கையில் பட்டாணியோடு இருக்கிற மனிதரை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவசரத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் நம்பர் வேண்டும் என்றாள். அம்மாவுக்கு அன்று டூட்டி, அம்மாவின் வார்டு நம்பர் அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை, வீட்டு நம்பரிலேயே இரண்டு இலக்கம் தடுமாறினார். அப்புறம் நானூற்றெட்டு என்று ஆரம்பித்துக் கடகடவென்று ஒரு நம்பர் சொன்னார். உன் நம்பர். பழையது இல்லை அக்கா, ஆகஸ்டில் நீ வீடு மாறிய பிறகு வாங்கியது, அம்மா ஃப்ரிட்ஜில் காந்தத்துக்கு அடியில் மட்டும் எழுதி வைத்திருந்தாள். கலிபோர்னியாவிலிருந்து எப்படி வருவாள் என்று நர்ஸ் கேட்டாள். கூப்பிட்டால் வருவாள் என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாக டெலிபோன் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு, பகல் பன்னிரண்டே முக்கால், உன் நம்பர், ஒரு நிமிஷம். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். உன் மிஷினில் வாராவாரம் யாரோ பேசாமல் வைத்துவிடுகிறார்கள், பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயே, கிரீஷ்கூடப் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றானாமே, எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல். அந்தக் குற்றவாளி எங்கள் வீட்டு சோபாவில் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஏன் அந்த நேரம் பார்த்து, மிஷின்தானே எடுக்கும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். “அங்க அப்போ ஒன்பதே முக்கால். மிஷின் எடுத்தா அவ ஆராதனைக்குப் போயிருக்கான்னு அர்த்தம். அது போதும்” என்றார். கேட்டாயா? ஆத்துமாவைத் தேடும் கமிட்டித் தலைவரின் வெளியூர் ஊழியம் இதுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பச்சைச் சீட்டு இதுவரை காலியாகவே இருந்தது, கமிட்டித் தலைவர் வீட்டுச் சீட்டே காலி என்று தவமணி அங்கிள் வேறு கனைத்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை அப்பா அதை எடுத்து இடது கையால் தானே நிரப்பினார். உள்ளே வைத்திருக்கிறேன், பார். கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் எழுதியிருப்பது கிரீஷ், சன்னிவேல். உணவு என்ற இடத்தில் சைவம் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறார், அம்மாவிடம் கறி படாத புதுப் பாத்திரம் ஒன்று வாங்கிவைக்கவும் சொல்லியாயிற்று. உறவு என்ற இடத்தில் ‘மகளின் நண்பர்’ என்று எழுதி அடித்துவிட்டு, ‘எங்கள் வீட்டுக்கு வருகிறவர்’ என்று எழுதியிருக்கிறார். நான் சிரித்ததைப் பார்த்து, “சம்மதம்னு சொல்லலட்டி. சாப்பிட வரட்டும்னு சொல்லுதேன், அவ்வளவுதான்” என்றார். உன் வருங்கால மாப்பிள்ளை எங்கள் சபையின் எழுப்புதல் அறிக்கையில் எட்டப்பட்ட ஆட்களில் ஒருவராக எண்ணப்படப் போகிறார் என்பதை அவனிடம் பக்குவமாகச் சொல்லிவை. சாலமோன் தாத்தாவையும் அப்பா அழைத்திருக்கிறார், அவரும் தங்கள் முறைப்படி அறுக்காத கறி தொடமாட்டாராம், இரண்டு பேருக்கும் ஒரே சாம்பார்.

அப்பா சொன்னார்: அசனம் டிசம்பர் இருபதாம் தேதி ஞாயிறு, குளிருக்குக் கனத்த கோட் எடுத்துவா, அந்தப் பையனுக்கும் ஒன்று இருக்கட்டும், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்துக்கொள்வாராக, ஜெபத்தை விடாதே.

நான் சொல்வது: பதினைந்தாம் தேதி ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கு மட்டும் ஆராதனைக்கு மட்டம் போடு. மிஷினை அணைத்துவிட்டு போன் பக்கத்தில் உட்கார். அடித்ததும் எடுத்து, இன்றைக்கு இரண்டாம் ஆராதனைக்குப் போகிறேன் என்று முதலில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் பயந்துபோய் வைத்துவிடுவார். அப்புறம் நீ எதுவும் பேச வேண்டாம். ஒரு நிமிஷத்துக்கு மேல் அவர் வைக்காமல் இருக்கிறாரா என்று நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ஞானசிகாமணி
(மேலே உள்ள கிறுக்கல் கையெழுத்து அவருடைய இடது கை; சொல்லாததையெல்லாம் எழுதியது எழிலரசி)