கரை தொடாத கப்பல்

கொல்லம் 1119, துலாம் (ஐப்பசி) 5

காலையிலிருந்தே மழை. குடைக் கம்பி ஒன்று போயிற்று. கரமனைப் பாலம் தாண்டி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் வேஷ்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது.

புது வேலை. கப்பல். மேலிடத்திலிருந்து வந்த படத்தைப் பார்த்துப் பிரதி வரைய வேண்டும். இதுவரை வரைந்ததெல்லாம் பாலம், மதகு, ஒரு ஜெயில் கக்கூஸ். கப்பலில் நேர்க்கோடே கிடையாது போலிருக்கிறது. டிரேசிங் துணியை விரித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பீரங்கி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது, முன்னால். இது போர்க் கப்பலா? சரக்கு வைக்க இடமில்லை. ஜனங்கள் ஏறவும் இடமில்லை. பின் என்னதான் இது?

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் சாக்கோ ஸாரைக் கேட்டேன். என்னை ஸ்வாமி என்றுதான் கூப்பிடுவார், பாதித் தமிழ் பாதி மலையாளம். "காவல் கப்பல். இதே மாதிரி வேறே ஓடறதுண்டு. ஸ்வாமி வரைச்சா மதி, போதும். வேறே ஒண்ணும் கேக்கண்டா. வெளியிலே சொல்லவும் கூடாது, கேட்டோ." யுத்த காலம். ஆகையால் இதை எழுதவும் கூடாது. எழுதிவிட்டேன்.

வீட்டில் எங்கள் புரோகிதர் சேஷ வாத்தியார். தங்கை விசாலத்துக்கு ஒரு வரன். வலியசாலைப் பையன், பெயர் ராமநாதன். ஜாதகம் பொருந்துகிறதாம். சம்பளம் நன்றாக இருக்கிறதாம். உத்தியோகம்? "கொச்சியிலே வயர்லெஸ்" என்று சொல்லிவிட்டு வாத்தியார் வெற்றிலையை மென்றார். மென்றுகொண்டே, "காவல் கப்பல்லே" என்றார். அப்பா முகம் மாறிற்று. எனக்கு மோர் புரையேறியது.

துலாம் 6

மழை இல்லை. புழுக்கம். இன்று முழுவதும் ஒரே பேச்சு. கப்பலில் போகிறவன் கடல் தாண்டினவனா இல்லையா? தாண்டினவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால் கரமனையில் ஒருவரும் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது அப்பாவின் பயம். வீண் பயம் என்றும் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் தீர்ப்பு: "தோஷம் ஜலத்துலே இல்லே, ஓய். அடுத்த கரையிலேயாக்கும். போய்ட்டு நம்ம கரைக்கே திரும்பி வந்தா அது தாண்டினதா ஆகாது. மீன் பிடிக்கறவன் தெனமும் போறான், வறான். காவல் கப்பலும் அது மாதிரின்னா தோஷமே இல்லே."

"அது மாதிரிதானா?" என்றார் அப்பா.

வாத்தியாருக்குத் தெரியாது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். "இஞ்சினீயர் ஆபீஸ்லேன்னா இருக்கே. விசாரிச்சு சொல்லேண்டா."

விசாரிப்பதாவது. அது என் மேஜையில் கிடக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லலாம் என்றாலும் அது என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாது.

துலாம் 8

பென்சில் வாங்க வேண்டும். கண் டாக்டர்?

கப்பலின் மூக்கு உயரம், அலையில் ஏறுவதற்கு. பின்பக்கம் தாழ்ந்து தட்டையாக இருக்கிறது, நீர்மூழ்கிகள் மேல் குண்டுப் பீப்பாய்களை உருட்டிவிடுவதற்கு. இவ்வளவு புரிந்தது. புரியாதது வயிறு. அடியில் எண்ணெய்த் தொட்டிகள், மேலும் எண்ணெய்த் தொட்டிகள். ஆட்கள் படுக்கும் இடத்தைவிட எண்ணெய்க்கு இடம் அதிகம். கரையோரமாக நடந்துவிட்டு வருகிற கப்பலுக்கு எதற்கு இத்தனை எண்ணெய்? மனசு கெட்டுப்போயிற்று. இது தாண்டுகிற கப்பல்தான்.

பொறுக்காமல் சாக்கோ ஸாரைக் கேட்டேன். திட்டவில்லை. "இது தூரம் போகான் வேண்டி இல்ல ஸ்வாமி. நிக்கான் வேண்டி. நடுக் கடல்லே நாள் கணக்கிலே நிக்கணும். காவல்னா அதாணு."

வரும்போது யோசித்தேன். நிற்பதற்கு வைத்த எண்ணெயில் போகவும் முடியுமே? குழப்பம் ஒரு படி ஏறியதே தவிர இறங்கவில்லை.

இன்னொன்று. அறைகளுக்கெல்லாம் பெயர் எழுதாமல் வெறும் எழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள். ஒரு அறை பெரியது. உள்ளே சுவரோரம் பலகையும் ஒரு அடுப்பும். வேறு ஒன்றுமே இல்லை. இவ்வளவு நெருக்கடியான கப்பலில் காலி அறை எதற்கு? சாக்கோ ஸாருக்கும் தெரியவில்லை.

துலாம் 9

பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜிக்கு சர்க்கரை கிடைக்காமல் வெல்லம். ராமநாதன் வெயிலில் கறுத்த உடம்பு, பேச்சு குறைவு. விசாலம் ஒரு கீர்த்தனம் பாடினாள், நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாள். அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை என்றால் நல்ல பிள்ளை.

அப்பா: "கப்பல் எங்கே போகும்?"

"போகும், வரும் மாமா."

"எங்கேன்னு?"

"சொல்லப்படாது மாமா."

அப்பாவுக்கு மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் முகத்தில் தெரிந்தன.

கை கழுவக் கொல்லைக்கு வந்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் உளறிவிட்டேன். "அந்தக் காலி ரூம் எதுக்கு?" அவன் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தான். "ஓ, நீங்கதான் வரையறேளா?" என்றான்.

சொன்னான். குண்டு பட்டு முங்குகிற கப்பல்களின் ஆட்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து அந்த அறையில் வைப்பார்களாம். உடம்பெல்லாம் எண்ணெய் அப்பி, எந்த ஜாதி எந்த தேசம் என்றே தெரியாதாம். அவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது பல சமயம் வயர்லெஸ்காரன் வேலை. "அப்புறம்?" என்றேன். "எந்தக் கரை கிட்டேயோ அங்கே எறக்கி விடுவோம், ஸார்."

"நீ எறங்கினதுண்டா?"

"ஒரு தடவை. ஒரு தீவு. நடக்க முடியாதவரைத் தூக்கிண்டு போகணுமே." துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டான். "மாமா கேட்டா மறைக்க மாட்டேன். கப்பல் எங்கே போறதுன்னுதான் கேட்டார், நான் எறங்கினேனான்னு கேக்கலே."

எனக்கு ஏன் சொன்னான்? சொல்லாமலிருந்திருக்கலாம்.

துலாம் 11

தீபாவளி. பட்டாசு கூடாது என்று உத்தரவு. எண்ணெய் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெய் ஒரு கரண்டி. எண்ணெய் என்றாலே இப்போது தொட்டிதான் ஞாபகம் வருகிறது.

விசாலம் சந்தனப் பேலாக் கிண்ணத்துடன் வந்து நின்றாள். ஏதோ கேட்க வந்தாள் என்று தெரிந்தது. அவளும் கரையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, அந்தக் கப்பல் திரும்பி வருமா?"

தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன, ஒரு பகுதியில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது தாங்கும் என்று என்னவோ சொன்னேன்.

"ரெண்டு பகுதியிலே புகுந்தா?"

"எனக்குத் தெரியாதுடி. நான் கோடு போடறவன்."

"எல்லாரும் எங்கே போறதுன்னே கேக்கறா" என்றாள். உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது.

துலாம் 15

ஜலதோஷம். ஆபீஸில் மசி கொட்டி ஒரு மூலை பாழ். சாக்கோ ஸார் முறைத்தார்.

வலியசாலையிலிருந்து ஆள் வந்தது. பதில் வேண்டுமாம், அவனுக்கு லீவு முடியப்போகிறதாம். அப்பா என்னை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "கோவில் ஆராட்டுக்குள்ளே சொல்லு. அது வேறே கரையைத் தொடுமா, தொடாதா? நீ சொல்றதுதான் முடிவு. மனசிலாச்சா?"

தொடும் என்றால் விசாலத்தின் கல்யாணம் போயிற்று. தொடாது என்றால் அப்பாவிடம் பொய். தொட்டது பாவமா? ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய் மணலில் இறக்கினால் அது தாண்டினதா? வாத்தியாரையே கேட்கலாம். கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். இப்படியே சுற்றிச் சுற்றி, ரசத்தில் மறுபடியும் சாதம் போட்டுக்கொண்டேன்.

துலாம் 19

ஆராட்டு, உற்சவத்தின் கடைசி நாள். சங்குமுகம் கடற்கரைக்கு எல்லாருமாகப் போனோம். கூட்டம் சொல்லி முடியாது. சாயங்காலம் உற்சவ ஸ்வாமி கடலில் இறங்கி ஸ்நானம், திரும்பிக் கரையேறினார். கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

அப்போது விசாலம் என் கையைத் தொட்டாள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று. மூக்கு உயரம், பின்பக்கம் தாழ்வு. நான் போட்ட கோடு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அப்பாவும் பார்த்துவிட்டார். கையை நெற்றியில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "அதுவா? எங்கேடா போறது?"

"எங்கேயும் போகலே, அப்பா. நிக்கறது."

"நிக்கறதா?"

"காவல்னா அதான், அப்பா. நடுக் கடல்லே நின்னுண்டே இருக்கும்."

"செரி" என்றார் அப்பா. "செரி, அப்போ தோஷமில்லே."

நான் சொன்னது பொய்யில்லை. நிஜம் முழுக்கச் சொன்னேனா? ஒன்றும் தெளியவில்லை. கால் செருப்பெல்லாம் மணல்.

துலாம் 20

காலையில் வாத்தியாரிடம் அப்பா சொன்னது காதில் விழுந்தது: "இஞ்சினீயர் ஆபீஸ்காரன் சொல்லிட்டான் ஓய், நிக்கற கப்பலாக்கும்." வாத்தியாருக்குப் பரம திருப்தி. நாளைக்கே வெற்றிலைபாக்கு மாற்றுவது என்று முடிவு.

எனக்குத் தாங்கவில்லை. வாத்தியார் போனதும் அப்பாவிடம் போய், தீவைப் பற்றி ஆரம்பித்தேன். "அப்பா, அந்தப் பையன் ஒரு தடவை..."

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும். அன்னிக்கு வாசல்லே விடைவாங்கறச்சே அவனே சொல்லிட்டான். தூக்கிண்டு போனானாமே." வேஷ்டியை உதறிக் கொடியில் போட்டார். "தெருவிலே யாரானும் கேட்டா சொல்றதுக்கு ஒரு வார்த்தை வேண்டாமா? அதுக்காக்கும் ஒன்னைக் கேட்டேன்."

பத்து நாளாக என் சாப்பாடு, தூக்கம்! கோபமா சந்தோஷமா என்று இன்னும் தெரியவில்லை.

துலாம் 22

நேற்று வெற்றிலைபாக்கு மாற்றியாயிற்று. தையில் முகூர்த்தம். இன்று விடிகாலை ராமநாதன் கொச்சிக்குக் கிளம்பிவிட்டான். மழை.

ஆபீஸில் கப்பல் படம் திரும்பி வந்திருக்கிறது, ஒரே ஒரு திருத்தத்தோடு. காலி அறையைப் பெரிதாக்க வேண்டுமாம். பக்கத்துச் சுவரைத் தள்ளி, பலகைகளைக் கூட்டி. சாக்கோ ஸார் இந்தத் தடவை கேக்கண்டா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன்.

சாயங்காலம் விசாலம் காப்பி கொண்டுவந்தாள். விரலில் மசியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்ன வேலை?" என்றாள்.

"ஒரு ரூமைப் பெரிசாக்கச் சொல்றா."

"யாருக்கு?"

"திரும்பி வரவாளுக்கு" என்றேன்.