மாதா கோயிலில் மங்கை

1934 பிப்ரவரி 4, ஞாயிறு
சின்ன காஞ்சிபுரம்

ஆத்துக்காரர் புதிதாக வாங்கின மோட்டாரில் முதல் சவாரி. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றங்கரையோடு மெதுவாகப் போனோம். எருமைகளுக்கு வழிவிட்டு, இளநீர் குடித்து— வக்கீல் கேஸ் கட்டுகளை மறந்து இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

புளியந்தோப்புக்குள் ஒரு பழைய மாதா கோயில். காரை பெயர்ந்த சுவர், நாட்டு ஓடு. "நூறு வயசாவது இருக்கும், பார்த்துட்டு வரலாம் வா" என்றவர் இவர்தான். உள்ளே ஒருத்தி பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். மங்கை.

இவருடைய ஒரே தங்கை. பதிமூன்று வயதில் தாலி அறுத்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நர்ஸாகி, ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

"மன்னி," என்றாள். அப்புறம் இவரைப் பார்த்து, "அண்ணாவுக்கு நரைச்சுடுத்தே."

இவர் வெளியே போய்விட்டார். நான் போகவில்லை. ஈஸ்டர் கழிந்து அவளுக்கு இங்கேயே கல்யாணமாம். மாப்பிள்ளை இந்த ஊர் வாத்தியார், தனசேகரன். "என் பக்கத்துல நிக்கத்தான் யாரும் இல்லே மன்னி" என்று சிரித்தாள். சிரிப்பா அது?

வெளியே ஹாரன் அடித்தது.

பிப்ரவரி 5

இவர் விடியும்முன்பே கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். சாப்பாடும் பாதிதான்.

மார்ச் 18

ஏப்ரல் ஒன்பதாம் தேதி மங்கை கல்யாணத்துக்குப் போகலாமா என்று இன்று இவரிடம் கேட்டேவிட்டேன்.

"போனா, பெருமாள் கோயில்ல எனக்குத் தீர்த்தம் கொடுப்பாளா? தெருவே பேசும்."

"நான் மட்டும் போறேனே?"

"நீ போனா நான் போன மாதிரிதான்."

அப்புறம் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் இவரே, "அந்த வாத்தியார் எப்படிப்பட்டவனாம்?"



ஏப்ரல் 9, திங்கள்

காலையில் இவராகவே மோட்டாரைக் கிளப்பிவிட்டு, "புடவையை மாத்திண்டு வா, நாழியாறது" என்றார். கையில் அகப்பட்ட பட்டை உடுத்திக்கொண்டு ஓடினேன்.

மாதா கோயில் வாசலில், "நீ போ. நான் வண்டியிலயே இருக்கேன்."

மங்கை வெள்ளைப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தாள். அவள் தலையில் பூவைப் பார்த்து எத்தனை வருஷம்! என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதா கோயில் காவல்காரர் மனைவி, "எங்க ஊரு புள்ளைங்கள்ல பாதி இந்தம்மா கையில பொறந்ததுங்கமா" என்றாள்.

பாதிரியார் கேட்டார்: "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?"

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்திருக்கலாமா? ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று கொடுக்கலாமா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நான். அவளோட அண்ணா."

வாசற்படியில் இவர். செருப்பில்லாமல், நெற்றி நிறைய நாமத்தோடு. நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றார். மங்கை திரும்பவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

திரும்பும்போது ஆற்றில் ஊற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தீட்டு என்று தெரு பேசுமே என்று நினைத்து, "குளிச்சுட்டுப் போலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கல்யாணத்துலேர்ந்துதானே வரோம்" என்றார்.