புகை விடாத நாற்பத்தொரு வேன்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே என் முழங்கால் நலம், அப்பாவின் ரத்தக்கொதிப்பு நலம், அவர் மனசாட்சிக்கு மட்டும் நாலு நாளாகக் காய்ச்சல். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் கத்துவாய், கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எழுதி அனுப்பிய ஆராய்ச்சி அறிக்கையை அப்பா தன் மெக்கானிக் பட்டறைக்கு எடுத்துப்போய், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணாடி போட்டு ஒழுங்காகப் படித்தார். நம் பக்கத்துப் பழைய டீசல் வேன்கள் இருபது வருஷம் ஓடியும் புகைப் பரிசோதனையில் புதுசுக்குச் சமமாகத் தேறுகின்றன, இன்னும் ஐந்து வருஷம் ஓடவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கம் வந்ததும் மனுஷன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கேட்டால் பசிக்கவில்லை என்றார். உன் அப்பாவுக்குப் பசிக்கவில்லை என்றால் சும்மா விடுவேனா, துருவித் துருவிக் கேட்டுக் கறந்துவிட்டேன்.

நீ பட்டியல் போட்ட நாற்பத்தொரு வேனும் அவர் கை வைத்தவையாம். பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் பம்ப்பில் ஒரு திருகை இறுக்கிவிடுவாராம், டீசல் குறைவாக இறங்கும், புகை வராது. தேறிய சீட்டு வாங்கி வந்ததும் பழையபடி தளர்த்திவிடுவாராம், இல்லாவிட்டால் வண்டி மேடு ஏறாதாம். வருஷம் பூராவும் கரியைக் கக்குகிற வண்டி அன்று ஒருநாள் மட்டும் பச்சைக் குழந்தை. நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு நீ ஆராய்ந்ததெல்லாம் உன் அப்பாவின் கைவரிசையைத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபதாம் தேதி மந்திரி முன்னால் நீ இதைப் படிக்கப்போவது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு யாராவது கண்டுபிடித்தால் உன் பெயர் என்ன ஆவது?

அதனால் அதற்குள் உண்மையைச் சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கிவிடு. வண்டி ரோட்டில் ஓடும்போதே புகையை அளக்கிற கருவி இருக்கிறதாமே, அதைக் கட்டி அள, முதலில் நம் வேனிலேயே கட்டு என்கிறார் அப்பா. திருகு எங்கே, எத்தனை சுற்று என்று படம் வரைந்து, கீழே தன் கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறார். பட்டறையை மூடிவிடுவார்களே என்றேன்.

"மூடினா மூடட்டும். பொண்ணு தலை குனியக் கூடாது" என்றார்.

இன்னொன்று. இன்ஜினைக் காதால் கேட்கச் சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிடச் சொல்கிறார், சொல்லும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. நீ எண்களை எல்லாம் அடி, கண்ணு. அந்த வரியை மட்டும் விட்டுவை.

எந்தச் சபையிலும் நிமிர்ந்து நிற்க உனக்கு எங்கள் ஆசீர்வாதம். இருபதாம் தேதியை மறந்துவிடாதே.

உன்னைப் பெற்ற,
அம்மா