பெரியவர் மகள் படித்த படிப்பு

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

பம்ப் கம்பெனி வேலை ஊத்திக்கொண்டது. நேர்முகத் தேர்வில் குழாய் அதிர்வைப் பற்றி ஒரு கேள்வி கொடுத்து எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம் சமன்பாடு எழுதி, ‘இதற்குத் தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான்’ என்று நிரூபித்துவிட்டுப் பேனாவை மூடினேன். கல்லூரியில் இதற்கு முழு மதிப்பெண். அங்கிருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, அது எவ்வளவும்மா?” என்றார். விடையை எண்ணாகப் போடவே இல்லை நான்! “இதை வச்சு எந்த போல்ட்டை முடுக்கச் சொல்றே?”

அது என் தப்பு. ஆனால் பக்கத்தில் இருந்தவர், “கணக்குதானே படிச்சிருக்கே, பேசாம டீச்சர் வேலைக்குப் போயேன்” என்றாரே, அது யார் தப்பு? எனக்கு முன்னால் போனவனும் கணக்குதான். அவனை யாரும் டீச்சராகச் சொல்லவில்லை. அவன் சித்தப்பா அங்கே அதிகாரி, வேலையும் அவனுக்குத்தான்.

அடுத்துத் தேர்வு எழுதப்போவது உங்கள் பழைய கிரேன் கம்பெனியில். நீங்கள் யாரிடமும் போய் எனக்காக நிற்கக் கூடாது. நின்றால் அந்த வேலையே எனக்கு வேண்டாம்.

உங்கள்
சண்டைக்கோழி

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

ஊரில் எல்லோரும் சொல்லிவைத்துத்தான் பிள்ளைகளை உள்ளே நுழைக்கிறார்கள். நான் மட்டும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறேன்? பாதி ஆயுசு அந்த கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தவன். மேலாளரே என்னைப் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு வார்த்தை சொன்னால் உன் படிப்பு தேய்ந்துவிடுமா?

கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே. அம்மா திட்டுவது எனக்குத்தான் விழுகிறது.

அப்பா

மார்ச் 22

அப்பா,

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட முடியவில்லை.

தேர்வை நன்றாகத்தான் எழுதினேன். ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் வாட்ச்மேன், “பெரியவர் பொண்ணுதானே நீ? உங்கப்பா போன வாரம்கூட வந்துட்டுப் போனாரே!” என்கிறார்.

போனீர்களா, இல்லையா? நீங்கள் கேட்டு வாங்கிய வேலை என்றால் நான் சேரமாட்டேன். சித்தப்பா தயவில் பம்ப் கம்பெனியில் நுழைந்தவனைத் திட்டிய வாயால் நான் எப்படி அங்கே சாப்பிடுவேன்?

மகள்

மார்ச் 26

அன்பு மகளுக்கு,

போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். ‘பொண்ணு என்ன படிச்சிருக்கு?’ என்பார். கணக்கு என்றால் டீச்சர் வேலைக்கு அனுப்பச் சொல்வார். எஞ்சினியர் என்றால் பொய். கணக்குக்கு முன்னால் ‘அப்ளைடு’ என்று ஏதோ ஒரு சொல் நீ சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உன்னைப் படிக்கவைத்தேன், என்ன படிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் வந்த வாட்ச்மேனிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். “பெரியவரே, பெத்தவருக்கே தெரியல, மேலாளருக்கு என்ன புரியும்?” என்று சிரித்தான். எழுந்து வந்துவிட்டேன். மேலாளர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மாமேல் சத்தியம். ‘என் தலைதான் கிடைச்சுதா?’ என்கிறாள் பக்கத்தில்.

வேலை உன்னுடையது. போய்ச் சேர். ஒன்று மட்டும் எழுது: நீ என்னதான் படித்தாய்?

அப்பா

மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

மாடிப்படியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். வீட்டுக்கார அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கூண்டிலிருந்து சுமையைத் தூக்கி நகர்த்துவீர்கள். நிறுத்தியதும் அது ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் எதுவரை போகும், எப்போது அடங்கும் என்று தூக்குவதற்கு முன்பே சொல்வதுதான் நான் படித்த படிப்பு. கேட்பவர்களிடம் இப்படியே சொல்லுங்கள். வேலை கேட்டு மட்டும் போகாதீர்கள்!

தேர்விலும் அதையேதான் கேட்டார்கள். கீழே நிற்கிற ஆள் எவ்வளவு தள்ளி நின்றால் அவன்மேல் படாது என்று. இந்த முறை எண்ணைப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

உங்கள்
சண்டைக்கோழி