பாராடாங் மிளகுக் கொடி

ஜூலை 9, புதன்

மிளகு வளர்ப்பு பற்றி ஆபீசுக்காகச் செய்த ஸ்லைடுகளைக் காலையில் ஆன்லைனில் ஏற்றினேன். அந்தமானில் பாராடாங் தீவுப் பக்கம் நெட் திணறும் என்று படங்களையெல்லாம் சின்னதாக்கியிருந்தேன். அங்குள்ள பெண்கள் குழுவுக்கு லிங்கை அனுப்பிவிட்டு ஹேவ்லாக் கப்பலில் ஏறினேன். பார்க்க மட்டும் அனுமதி தருவதற்குப் பதில், திருத்தவும் தந்திருக்கிறேன். கடலில் சிக்னல் இல்லாததால் எதுவும் தெரியவில்லை.

கரையிறங்கிப் பார்த்தால் ஆறாவது ஸ்லைடில் என் படத்தைக் காணோம். வேறொரு கொடி இருந்தது. நாளை டைரக்டர் பார்க்கப்போகிற ஸ்லைடு! கோபத்தோடு குழுத் தலைவி சரஸ்வதிக்குப் போன் போட்டேன்.

“நான்தான் மாத்துனேன் மேடம். நீங்க போட்டது மெயின்லேண்ட் கொடி. இங்க பாக்கு மரத்துலதானே ஏத்துறோம்? எங்க தோட்டத்து போட்டோவப் போட்டேன். கலத் ஹை க்யா?”

தப்பில்லைதான். என் படம் நெட்டில் எடுத்தது.

மற்றவர்களுக்குத் திருத்தும் அனுமதியை மூடினேன். சரஸ்வதிக்கு மட்டும் விட்டுவைத்தேன். முதல் ஸ்லைடில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும் சேர்த்தேன்.

படுக்கலாம் என்று லேப்டாப்பை மூடப்போனேன். ஏழாவது ஸ்லைடில் படம் மாறிக்கொண்டிருக்கிறது.